ஆறு ஓடாது

கொலம்பியா ஆறு கடலோடு மல்லுக்கட்டும் ஊரில்
லெம்பி ஹார்யுவுக்கு ஒரு சலவைக்கடை.
பன்னிரண்டு எந்திரம், காசு போட்டால் சுற்றும்.
ஆறாம் எந்திரத்தில் மட்டும்
அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ஆறு ஓடாது.
அவள் எழுதியது ஆங்கிலத்தில்.
அதில் இந்தச் சிரிப்பு இல்லை.

ஓடுவதற்கு அங்கே ரன் என்று பெயர்.
நமக்குத் தெரிந்த ரன்
மட்டையில் பட்டுப் பலகையில் ஏறுகிற எண்.
அவர்களுக்கு அந்த ஒற்றை நேரசையிலேயே
பாதிப் பிழைப்பு ஓடிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை.
மேல்வீட்டுப் பையன் ஐவருக்கு
மூக்கு ரன், காய்ச்சல் ரன் நூற்றிரண்டு.
நமக்கு ஒன்று ஒழுகும், இன்னொன்று அடிக்கும்.
வங்கிக்காரி ஒடெட்டின் காலுறையில்
முட்டியிலிருந்து கணுக்கால் வரை ஒரு ரன்;
நாம் இழை விட்டுப்போச்சு என்போம்.
சோப்புத் தூள் தீர்ந்துவிட்டால் ரன் அவுட்.
எந்த அம்பயரும் விரலைத் தூக்குவதில்லை.

டெல் ஓக்கர்லண்ட் படகு நாற்றத்தோடு வந்து
நனைந்த கம்பளிச் சட்டையைத் திணித்துவிட்டு
"இந்த வருஷம் ரன் மெலிசு" என்கிறார்.
அது சால்மன்.
கடலைவிட்டுப் பிறந்த நீருக்கே
எதிரேறி வந்து முட்டையிட்டுச் சாகும் கூட்டம்.
வருவதும் ரன்தான்,
வந்து முடிவதும்.

மகள் சிக்னே மாவட்ட எழுத்தர் பதவிக்கு ரன்.
இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்.
நாம் தேர்தலில் நிற்கிறோம்,
அவர்கள் ஓடுகிறார்கள்.
நின்றவரும் ஓடியவரும் ஜெயித்தபின்
எங்கே உட்காருகிறார்கள் என்பதை
வேறொரு சமயம் பேசலாம்.
தன் பெயர் அச்சிட்ட இருபது வெள்ளைச் சட்டைகளோடு
ஒரு சிவப்புத் துண்டையும் போட்டுவிட்டாள்.
சாயம் ரன்.
இருபதும் இப்போது ஈறு நிறம்.

மதியம் ஃபோன்.
ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஐனோ, ஆர்விட்டின் தம்பி.
பதினெட்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பத்துக் குரல்.
"நேத்து ராத்திரி, தூக்கத்துலயே" என்றான்.
பிறகு, அந்த ஊர் வழக்கப்படி,
"நல்ல ரன் அவனுக்கு."
குறையில்லாமல் வாழ்ந்தான் என்று பொருள்.
சாவுக்கு யார் வேண்டுமானாலும் சொல்வது.

லெம்பிக்குச் சிரிப்பு வந்தது.
பிக்கப் வண்டியை ரன்னில் விட்டுவிட்டு
ஃப்ளாஸ்க்கை மறந்துட்டேன் என்று உள்ளே வந்தான் ஆர்விட்.
அவளேதான் காப்பி ஊற்றி
மூடியையும் திருகிக் கொடுத்தாள்.
நல்ல ரன்தான்.
இரண்டாயிரத்து முந்நூறு மைல்.
மறுமுனையில் ஐனோ
அவள் அழுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தான்.
நினைக்கட்டும்.

கல்லாப் பக்கத்தில், சில்லறை போட்டுவைக்க,
உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டு ஓடு.
ஓடு.
போ என்று விரட்டுவதற்கும் நாம் அதையே சொல்கிறோம்,
உள்ளே இருந்தது போன பிறகு
போகாமல் கிடப்பதற்கும்.
இதை அவளிடம் சொல்ல அங்கே ஆளில்லை.
சொல்லியிருந்தாலும்
சில்லறை எண்ணுகிற கை நின்றிருக்காது.

ஈறு நிறச் சட்டையை முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்தபடி
சிக்னே கேட்டாள், "ஃபோன்ல யாரும்மா?"
"ரன் முடிஞ்சிருச்சாம்."
"தெரியும். டெல் காலையிலேயே புலம்பிட்டுப் போனார்."

உலர்த்தியில் இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.
லெம்பி, ஓடாத ஆறின் மேல்
ஏறி உட்கார்ந்தாள்.
அந்தச் சத்தம் நிற்கட்டும்,
சொல்லிக்கொள்ளலாம்.